எடி ராபின்சன்: கிராம்ப்ளிங் கல்லூரியின் பயிற்சியாளர்

எடி ராபின்சன் (பிப்ரவரி 13, 1919 – ஏப்ரல் 3, 2007) அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து வரலாற்றில் பெரும்பெயர் பெற்ற பயிற்சியாளர். லூசியானா மாநிலத்தின் வடபகுதியில் உள்ள கிராம்ப்ளிங் என்னும் சிற்றூரின் கல்லூரியில் 1941இல் பணியில் சேர்ந்து 1997இல் ஓய்வு பெற்றார். இரண்டாம் உலகப்போரின்போது அணி கலைந்திருந்த இரண்டு ஆண்டுகள் நீங்கலாக 55 பருவங்கள் அந்த ஒரே அணியைப் பயிற்றுவித்தார். அவருடைய அணிகள் 408 ஆட்டங்களில் வென்றன, 165இல் தோற்றன, 15 ஆட்டங்கள் சமனில் முடிந்தன. இருநூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள் அவரிடம் பயின்று தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆனார்கள்.

கிராம்ப்ளிங், கறுப்பின மாணவர்களுக்கென்று தனியே அமைந்த கல்லூரி. தென் மாநிலங்களின் வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் கறுப்பின இளைஞர்களுக்குக் கதவடைத்திருந்த காலத்தில், அவர்களுள் சிறந்த பலர் ராபின்சனிடம் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் பெற்ற வெற்றிகள் அந்தக் கதவைத் திறக்க உதவின. கதவு திறந்த பிறகு, அடுத்த தலைமுறையின் சிறந்த ஆட்டக்காரர்கள் கிராம்ப்ளிங்குக்கு வராமல் பெரிய பல்கலைக்கழகங்களுக்குப் போனார்கள். ராபின்சனின் நீண்ட பணிக்காலத்தில் இந்த மூன்று கட்டங்களும் அடங்கிவிட்டன.

ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள்

இங்கே கால்பந்து என்பது நாம் அறிந்த உதைபந்தாட்டம் அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க ஆட்டம். பக்கத்துக்குப் பதினொருவர், ஆடுகளத்தின் நீளம் 100 கெஜம். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேறாவிட்டால் பந்து எதிரணியிடம் போய்விடும். ஒவ்வொரு முயற்சியிலும் முதலில் பந்தைப் பெற்று, அதை யாரிடம் கொடுப்பது, எங்கே எறிவது என்று கணப்பொழுதில் முடிவெடுப்பவர் குவார்ட்டர்பேக். அணியின் மூளை என்று அவரைச் சொல்வது வழக்கம். இந்தச் சொல் பின்னால் முக்கியமாகிறது.

அமெரிக்காவில் இந்த ஆட்டத்துக்குக் கல்லூரிகளே நாற்றங்கால். தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பைச் சேர்ந்த தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும். எனவே கல்லூரிப் பயிற்சியாளரின் வேலை ஆடுகளத்தோடு முடிவதில்லை. பள்ளி மாணவர்களின் வீடு தேடிப் போய்ப் பெற்றோரிடம் பேசி, உதவித்தொகை தந்து சேர்ப்பதும் அவர் பொறுப்புத்தான்.

இளமை

ராபின்சன் லூசியானாவின் ஜாக்சன் என்ற ஊரில் பிறந்தார். தந்தை பருத்தி வாரக் குடியானவர். தாய் வீட்டு வேலை செய்தவர். குடும்பம் பேட்டன் ரூஜ் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்குள்ள கறுப்பின மாணவர்களின் மெக்கின்லி உயர்நிலைப் பள்ளியின் பயிற்சியாளரைச் சிறுவனாக இருந்தபோது பார்த்தே, தானும் பயிற்சியாளராக வேண்டும் என்ற ஆசை அவருக்கு வந்தது. அதே நகரில்தான் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகமும் அதன் பெரிய விளையாட்டரங்கமும் இருந்தன. அங்கே சேர்ந்து படிக்கும் பேச்சுக்கே அப்போது இடமில்லை. அருகிலிருந்த லீலண்ட் கல்லூரி என்ற சிறிய பாப்டிஸ்ட் கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக ஆடி 1941இல் பட்டம் பெற்றார்.

பட்டம் வாங்கியவருக்கு வேலை கிடைக்கவில்லை. கால்நடைத் தீவன ஆலை ஒன்றில் மணிக்கு 25 செண்ட் கூலிக்கு வேலை பார்த்தார். அந்த ஆண்டே டோரிஸ் மாட் என்பவரை மணந்தார். மனைவியின் உறவினர் வழியாகத்தான் கிராம்ப்ளிங்கில் பயிற்சியாளர் தேவை என்ற செய்தி வந்தது.

கிராம்ப்ளிங் கல்லூரியின் தொடக்கமும் எளியதே. அவ்வட்டாரக் கறுப்பின உழவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்று புக்கர் டி. வாஷிங்டனிடம் கேட்க, அவர் டஸ்கீகி நிறுவனத்தில் பயின்ற சார்லஸ் ஆடம்ஸை அனுப்பினார். 1901இல் பள்ளி தொடங்கியது. ராபின்சன் சேர்ந்தபோது அதன் பெயர் லூசியானா நீக்ரோ ஆசிரியப் பயிற்சி மற்றும் தொழிற்கல்வி நிறுவனம். 1946இல் கிராம்ப்ளிங் கல்லூரி என்றும், 1974இல் கிராம்ப்ளிங் மாநிலப் பல்கலைக்கழகம் என்றும் பெயர் மாறியது.

அதன் தலைவர் ரால்ஃப் வால்டோ எமர்சன் ஜோன்ஸ் கல்லூரியின் பேஸ்பால் அணிக்குத் தானே பயிற்சியாளராகவும் இருந்தவர். 22 வயது ராபின்சனை மாதம் 63 டாலர் 75 செண்ட் சம்பளத்தில் அமர்த்தினார். அடுத்த 36 ஆண்டுகள் இருவரும் சேர்ந்தே பணியாற்றினார்கள். கல்லூரியின் பெயர் நாடறிய விளையாட்டே வழி என்பதில் ஜோன்ஸுக்கு ஐயம் இருந்ததில்லை.

ஒற்றை ஆள் துறை

முதல் ஆண்டுகளில் ராபின்சனுக்குச் சம்பளம் வாங்கும் துணைப் பயிற்சியாளர் யாரும் இல்லை. கல்லூரியின் இரவுக் காவலாளி வந்து உதவுவார். ஆடுகளத்தில் புல் வெட்டுவது, சுண்ணாம்புக் கோடு போடுவது, ஆட்டக்காரர்களின் கணுக்காலுக்குக் கட்டுப் போடுவது, ஆட்டம் முடிந்ததும் செய்தித்தாளுக்குக் குறிப்பு எழுதி அனுப்புவது எல்லாம் அவரே. வெளியூர் ஆட்டத்துக்குப் போகும்போது ரொட்டித் துண்டுகளில் இறைச்சி வைத்து அவரே பொட்டலம் கட்டுவார். வழியிலிருந்த உணவகங்கள் கறுப்பினத்தவருக்கு உள்ளே உட்கார இடம் தருவதில்லை என்பதே காரணம்.

1941இல் அவருடைய அணி மூன்று ஆட்டங்களில் வென்று ஐந்தில் தோற்றது. மறு ஆண்டு ஆடிய ஒன்பதிலும் வென்றது. அந்த ஒன்பது ஆட்டங்களில் எதிரணிகள் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. கல்லூரி ஆட்டத்தில் இது மிக அரிது.

போரினால் கல்லூரி அணி நின்றபோது அவ்வூர் உயர்நிலைப் பள்ளி அணியைப் பயிற்றுவித்தார். பருத்தி எடுக்கும் பருவத்தில் தன் இரண்டு பிள்ளைகளையும் ஒரு தந்தை ஆட்டத்திலிருந்து நிறுத்திக்கொண்டார். இருவரும் அணியின் சிறந்த ஓட்டக்காரர்கள். ராபின்சன் மொத்த அணியையும் அந்த வயலுக்கு அழைத்துப்போனார். எல்லாருமாகப் பருத்தி எடுத்து முடித்ததும் பிள்ளைகள் ஆட வந்தார்கள். வாரக் குடியானவர் வீட்டில் பிறந்தவருக்கு அந்தத் தந்தையின் நெருக்கடியை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

யங்கரும் நிக்கல்சனும்

தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பில் 1934 முதல் 1945 வரை கறுப்பினத்தவர் ஒருவரும் ஆடவில்லை. 1946இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி கென்னி வாஷிங்டன், வுடி ஸ்ட்ரோட் இருவரையும் சேர்த்து அந்தத் தடையை நீக்கியது. ஆனால் அவர்கள் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆடியவர்கள். தெற்கின் கறுப்பினக் கல்லூரிகளைத் தொழில்முறை அணிகள் அதுவரை எட்டிப்பார்க்கவில்லை.

1949இல் கிராம்ப்ளிங்கின் பால் யங்கரை அதே ராம்ஸ் அணி எடுத்தது. ‘டாங்க்’ என்பது அவருடைய பட்டப்பெயர். ஆண்டுத் தேர்வில் அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. தனியே ஒப்பந்தம் செய்துகொண்டே சேர்ந்தார். புறப்படும் முன் ராபின்சன் அவரிடம் ஒன்றைச் சொல்லி அனுப்பினார்: நீ தேறாவிட்டால், கறுப்பினக் கல்லூரியிலிருந்து இன்னொருவருக்கு வாய்ப்புக் கிடைக்க வெகுகாலம் ஆகும். ஓர் இளைஞன் தோளில் ஏற்றத் தகாத பாரம் இது. யங்கர் பத்து ஆண்டுகள் தொழில்முறை ஆட்டத்தில் நிலைத்தார். கறுப்பினக் கல்லூரியிலிருந்து அந்தக் கூட்டமைப்புக்குள் போன முதல் ஆட்டக்காரர் அவரே.

இந்த வெற்றிகள் வெளியே தெரிந்ததற்கு இன்னொருவரும் காரணம். 1948இல் கல்லூரியின் விளையாட்டுச் செய்தி அலுவலராகச் சேர்ந்த காலி நிக்கல்சன், போர்க்காலத்தில் கடற்படைக் காலாட்படையில் செய்தியாளராக இருந்தவர். வெள்ளையர் நாளேடுகள் கிராம்ப்ளிங் ஆட்டங்களைக் கண்டுகொள்ளாத நாளில், நாடெங்கும் உள்ள கறுப்பினப் பத்திரிகைகளுக்கு வாரம் தவறாமல் எழுதிக்கொண்டே இருந்தார். பின்னாளில் கிராம்ப்ளிங் அணி பெருநகர்களில் ஆடியதற்கெல்லாம் அடித்தளம் இட்டவர் அவர். ராபின்சனைப் பற்றி எழுதுவோர் பலர் நிக்கல்சனை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள், அது நியாயமில்லை.

மூடிய கதவும் நிறைந்த அணியும்

1956இல் லூசியானா சட்டமன்றம் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து விளையாடுவதையே தடைசெய்து சட்டம் இயற்றியது. நீதிமன்றம் அதைப் பின்னர் செல்லாதென்று அறிவித்தாலும் பல்கலைக்கழகங்களின் வழக்கம் உடனே மாறிவிடவில்லை.

பக் புக்கானனை எடுத்துக்கொள்ளலாம். அலபாமா மாநிலத்தின் பர்மிங்காமில் வளர்ந்தவர், ஆஜானுபாகுவான தடுப்பாட்டக்காரர். அவர் கல்லூரிக்குப் போகும் வயதில், அதே மாநிலத்தின் அலபாமா பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற பயிற்சியாளர் பேர் பிரையன்ட் பொறுப்பேற்றார். பிரையன்டின் அணியில் அன்று கறுப்பினத்தவருக்கு இடமில்லை. புக்கானன் மாநில எல்லை கடந்து கிராம்ப்ளிங்குக்கு வந்தார். 1963இல், தேசியக் கூட்டமைப்புக்குப் போட்டியாக இயங்கிய அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஆண்டுத் தேர்வில் எல்லாருக்கும் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். புக்கானன், வில்லி டேவிஸ், வில்லி பிரவுன், சார்லி ஜாய்னர் ஆகிய ராபின்சனின் மாணவர் நால்வர் தொழில்முறைக் கால்பந்தின் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றுள்ளனர். இவ்வளவு பேர் ஒரு சிற்றூர்க் கல்லூரியில் திரண்டதற்கு ராபின்சனின் உழைப்பு ஒரு காரணம். அண்டைப் பல்கலைக்கழகங்கள் அவர்களைத் தீண்டாதிருந்தது இன்னொரு காரணம்.

1968இல் தொலைக்காட்சி விளையாட்டுச் செய்தியாளர் ஹோவர்ட் கோசெல் கிராம்ப்ளிங்கைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றை அளித்தார். அதே ஆண்டு நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் மார்கன் ஸ்டேட் கல்லூரியோடு கிராம்ப்ளிங் ஆடியது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்திருந்தனர். மார்கன் ஸ்டேட் 9–7 என்ற கணக்கில் வென்றது. எனினும் கறுப்பினக் கல்லூரிகளின் ஆட்டம் பெருநகர் அரங்கை நிரப்பும் என்பது அன்று உறுதிப்பட்டது. 1974 முதல் சதர்ன் பல்கலைக்கழகத்தோடு நியூ ஆர்லியன்ஸில் ஆண்டுதோறும் நடக்கும் ‘பேயூ கிளாசிக்’ ஆட்டம் இதன் தொடர்ச்சி. 1976இல் டோக்கியோ வரைக்கும் சென்று ஆடினார்கள்.

குவார்ட்டர்பேக் என்ற பூட்டு

தொழில்முறை அணிகள் கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்க்கத் தொடங்கிய பிறகும் ஒரு பூட்டு திறக்கவில்லை. ஓடவும் தடுக்கவும் அவர்களை எடுத்தார்கள். அணியை நடத்தும் இடத்தைக் கொடுக்கவில்லை. கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக ஆடிய கறுப்பினத்தவரைத் தொழில்முறை அணிகள் வேறு இடத்துக்கு மாற்றிவிடும். முடிவெடுக்கும் அறிவு அவர்களுக்கில்லை என்ற நினைப்பே இதன் அடியில் இருந்தது.

ராபின்சன் இதைத் திட்டமிட்டே எதிர்கொண்டார். லூசியானாவின் மன்ரோவிலிருந்து வந்த ஜேம்ஸ் ஹாரிஸைத் தொழில்முறைக் குவார்ட்டர்பேக் ஆக்குவது என்று முடிவு செய்து நான்கு ஆண்டுகள் தயார்படுத்தினார். 1969இல் பஃபலோ பில்ஸ் அணி ஹாரிஸை எட்டாம் சுற்றில்தான் எடுத்தது. ஆனால் அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே அவர் குவார்ட்டர்பேக்காக இறங்கினார். பருவத் தொடக்க ஆட்டத்தில் அந்த இடத்தில் இறங்கிய முதல் கறுப்பினத்தவர் அவர். 1974இல் ராம்ஸ் அணியை இறுதிச்சுற்றுகளுக்கும் இட்டுச்சென்றார்.

அடுத்து வந்தவர் டக் வில்லியம்ஸ். பேட்டன் ரூஜுக்கு அருகிலுள்ள சாக்கரி ஊர்க்காரர். 1978இல் டாம்பா பே அணி அவரை முதல் சுற்றிலேயே எடுத்தது. பத்து ஆண்டுகளில் பல ஏற்ற இறக்கங்களைக் கண்டு, 1988 ஜனவரி 31 அன்று வாஷிங்டன் அணிக்காகச் சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் இறங்கினார். டென்வர் அணி முதற்பகுதியில் 10–0 என்று முன்னே நின்றது. வில்லியம்ஸின் முழங்காலும் திருகிக்கொண்டது. இரண்டாம் பகுதியில் மட்டும் நான்கு முறை இலக்குக் கோட்டுக்குப் பந்தை எறிந்து சேர்த்தார். அந்தப் பகுதியில் வாஷிங்டன் எடுத்த புள்ளிகள் 35. ஆட்டம் 42–10 என முடிந்தது. சூப்பர் பவுலை வென்ற முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக், ஆட்டநாயகன் இரண்டும் அவரே. அன்று ராபின்சன் அரங்கத்தில் இருந்தார்.

காலை மணி

ராபின்சன் தம்மை ஆசிரியர் என்றே கருதினார். கோடை விடுமுறைகளில் அயோவா பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படித்து 1954இல் முதுகலைப் பட்டம் பெற்றார். விடியற்காலையில் மாட்டு மணி ஒன்றை ஆட்டியபடி விடுதி வராந்தாவில் நடந்துபோய், வகுப்புக்கு எழுங்கள் என்று ஆட்டக்காரர்களை எழுப்பியது அவர் மாணவர் எல்லாருக்கும் மறக்காத நினைவு. சாப்பாட்டு மேசையில் எப்படி அமர்வது, கழுத்துப்பட்டை எப்படிக் கட்டுவது, வேலை நேர்காணலில் எப்படிப் பேசுவது என்பதும் அவர் பாடத்தில் உண்டு. தம் மகளை மணக்கப்போகிறவன் என்று எண்ணிக்கொண்டு ஒவ்வொரு பையனையும் பயிற்றுவிக்க வேண்டும் என்பார். அவர் மாணவருள் பெரும்பாலோர் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகவில்லை. பள்ளி ஆசிரியர்களாகவும் பயிற்சியாளர்களாகவும் ஆனவர்கள் மிகுதி.

எல்லாரும் அவரை ஒருமனதாகப் போற்றினார்கள் என்று கொள்ள வேண்டாம். குடியுரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த நாள்களில் அவர் ஊர்வலங்களில் நடக்கவில்லை. அமெரிக்காவின் மீதான பற்றை வெளிப்படையாகப் பேசினார். இது இளைஞர் பலருக்குப் பிடிக்கவில்லை. 1960களின் இறுதியில் கிராம்ப்ளிங் மாணவர்களே, கல்லூரி விளையாட்டுக்குத் தரும் முதன்மையைப் படிப்புக்குத் தரவில்லை என்று கிளர்ச்சி செய்தார்கள். அந்தக் குறையில் உண்மை இருந்தது. கால்பந்தால் கல்லூரியின் பெயர் வளர்ந்த அளவுக்கு நூலகமும் ஆய்வுக்கூடமும் வளரவில்லை. அதற்கு மாநில அரசு கறுப்பினக் கல்லூரிகளுக்கு ஒதுக்கிய சொற்ப நிதியே முதற்காரணம் என்றாலும், மாணவர்கள் கேட்ட கேள்வி கேட்க வேண்டிய கேள்விதான்.

கதவு திறந்த பிறகு

1970 செப்டம்பரில் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக அணி பர்மிங்காமுக்கு வந்து பிரையன்டின் அலபாமா அணியை 42–21 என்று தோற்கடித்தது. சாம் கன்னிங்ஹாம் என்ற கறுப்பின ஆட்டக்காரர் 135 கெஜம் ஓடினார். தெற்கின் நிறத்தடை அன்றொருநாளில் உடைந்தது என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது மிகை. அலபாமா அதற்கு முன்பே வில்பர் ஜாக்சன் என்ற கறுப்பின மாணவரைச் சேர்த்திருந்தது. முதலாண்டு மாணவர் என்பதால் அவர் அன்று ஆடவில்லை. எப்படியாயினும் அடுத்த சில ஆண்டுகளில் தென் மாநிலப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்க்கலாயின. ராபின்சன் வளர்ந்த நகரின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகமும் அவற்றில் ஒன்று.

அந்தப் பல்கலைக்கழகங்களிடம் பெரிய அரங்கமும், தொலைக்காட்சி வருவாயும், செல்வந்தரான பழைய மாணவர்களும் இருந்தனர். முன்பு கிராம்ப்ளிங்கைத் தவிர வேறு போக்கில்லாத மாணவன் வீட்டு வாசலில் இப்போது பத்துப் பயிற்சியாளர்கள் நின்றார்கள். ராபின்சன் இதைக் குறையாகப் பேசவில்லை. கறுப்பின இளைஞன் விரும்பிய இடத்தில் படிக்க வேண்டும் என்பதுதானே அவர் கேட்டதும். 1960 முதல் 1986 வரை தொடர்ந்து 27 பருவங்களில் அவருடைய அணி தோல்வியைவிட மிகுதியான வெற்றி பெற்றது. அதன் பிற்பாதி, மாணவர்களுக்கான போட்டி கடுமையான பின் கிடைத்தது என்பதால் முற்பாதியைவிட மதிப்புடையதாகத் தோன்றுகிறது.

1985 அக்டோபர் 5 அன்று டல்லஸின் காட்டன் பவுல் அரங்கில் பிரெய்ரி வியூ அணியை 27–7 என்று கிராம்ப்ளிங் வென்றது. அது ராபின்சனின் 324ஆம் வெற்றி. பேர் பிரையன்டின் 323 என்ற சாதனை கடக்கப்பட்டது. உடனே ஒரு வாதம் எழுந்தது: பிரையன்ட் வென்றது பெரிய அணிகளை, ராபின்சன் வென்றது சிறிய கல்லூரிகளை, இரண்டையும் ஒன்றாக எண்ணலாமா? ராபின்சன் பிரையன்டைக் குறைத்துப் பேசியதில்லை. தான் எந்தப் பள்ளியில் படிக்க வேண்டும், யாரைச் சேர்க்கலாம், யாரோடு எங்கே ஆடலாம் என்பதையெல்லாம் பிறரே வகுத்தார்கள், அந்த ஏற்பாட்டுக்குள் முடிந்ததைச் செய்தேன் என்ற பொருள்பட அவர் சொன்னதுண்டு. வாதம் செய்தவர்கள் மறந்தது இதைத்தான். பெரிய அணிகளோடு ஆடிப் பார்க்கும் வாய்ப்பை அவர் மறுக்கவில்லை. அவருக்குத்தான் அது மறுக்கப்பட்டது.

இறுதி ஆண்டுகள்

1995 அக்டோபர் 7 அன்று மிசிசிப்பி வேலி ஸ்டேட் அணியை வென்று 400ஆம் வெற்றியை எட்டினார். கல்லூரிக் கால்பந்தில் அந்த எண்ணைத் தொட்ட முதல் பயிற்சியாளர் அவர். ஆனால் அந்தப் பருவத்திலிருந்தே அணி சரிந்தது. 1996இலும் 1997இலும் மூன்று ஆட்டங்களில் வென்று எட்டில் தோற்றது. ஆட்டக்காரர் சிலர் மீது கடும் குற்ற வழக்கு வந்தது. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விசாரணையும் சேர்ந்துகொண்டது. 1996 இறுதியில் நிர்வாகம் அவரை ஓய்வுபெறச் செய்ய முனைந்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்து, மாநில ஆளுநரும் குறுக்கிட்டதால் இன்னும் ஒரு பருவம் தரப்பட்டது. அன்பின் பேரில் கிடைத்த அந்தக் கூடுதல் ஆண்டு அவருக்கு நன்மை செய்ததா என்பது ஐயமே. 1997 நவம்பரில் நியூ ஆர்லியன்ஸில் சதர்ன் அணியிடம் 30–7 என்று தோற்று விடைபெற்றார். ரூஸ்வெல்ட் முதல் கிளின்டன் வரை 11 குடியரசுத் தலைவர்களின் காலம் அவருடைய பணிக்காலத்துள் அடங்கியது. ஒரே வேலை, ஒரே மனைவி என்பதே தம் உண்மையான சாதனை என்று அவர் சொல்வதுண்டு.

அவர் இடத்துக்கு வந்தவர் டக் வில்லியம்ஸ். 2000 முதல் 2002 வரை தொடர்ந்து மூன்று முறை கிராம்ப்ளிங் தன் பிரிவில் வாகை சூடியது.

ஓய்வுக்குப் பின் ராபின்சனை மறதிநோய் பற்றியது. 2007 ஏப்ரல் 3 அன்று ரஸ்டன் நகரில் காலமானார். அவர் உடல் பேட்டன் ரூஜில் உள்ள மாநிலத் தலைமைச் செயலகக் கட்டடத்தில் மக்கள் அஞ்சலிக்கு வைக்கப்பட்டது. 2010இல் கிராம்ப்ளிங்கில் அவர் பெயரில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

408 என்ற எண்ணை மினசோட்டாவின் ஒரு சிறு கல்லூரிப் பயிற்சியாளரான ஜான் காக்லியார்டி 2003இலேயே கடந்தார். பெரிய பல்கலைக்கழகங்கள் அடங்கிய முதற்பிரிவில், பென் ஸ்டேட் பயிற்சியாளர் ஜோ பட்டெர்னோ 2011 அக்டோபரில் 409ஐ எட்டினார். துணைப் பயிற்சியாளராக இருந்தவரின் பாலியல் குற்றங்கள் வெளிவந்த பின் 2012இல் பட்டெர்னோவின் 111 வெற்றிகள் நீக்கப்பட, ராபின்சன் மீண்டும் முதலிடம் பெற்றார். 2015 ஜனவரியில் அவை திருப்பித் தரப்பட்டன. இப்போது அப்பிரிவின் பட்டியலில் ராபின்சனின் இடம் இரண்டாவது.